குடியானவரின் ரொக்கக் கணக்கு
பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களுக்கு ஏற்ற ஒரு முறை

சாகுபடியில் லாபம் என்பது வேறு. கையில் ரொக்கம் இருப்பது வேறு. வருஷ முடிவில் வரவையும் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது லாபம் காட்டும் நிலமே, மார்கழி மாதத்தில் களைக்கூலி கொடுக்கப் பணமின்றித் தன் சொந்தக்காரரை வட்டிக்கடைக்கு அனுப்புவதுண்டு. இவ்விதம் அனுப்பப்பட்டவர் அறுவடையானவுடன் விலை படியாத காலத்தில் விளைபொருளை விற்கிறார். மறு வருஷம் முன்னிலும் அதிகமாகக் கடன் வாங்குகிறார். சில வருஷங்களில் நிலத்தின் ஒரு பகுதியை ஈடு வைக்கிறார். இத்தகைய குடும்பங்களில் பல, மகசூல் குறைவினால் கெட்டவையல்ல. பணம் வரும் மாதமும் பணம் தேவைப்படும் மாதமும் ஒன்றாக இல்லாததனாலும், அதை முன்கூட்டியே கணக்கிட்டு வையாததனாலும் கெட்டவையாகும். இக்குறையை நீக்கும் எளிய முறையொன்று கீழே விளக்கப்படுகிறது.

பணம் வரும் காலங்கள்

1995-ஆம் வருஷத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து பின்னர்ப் பிரிந்து 2007 முதல் நிலையாகத் தனி ஜில்லாவாக இருந்துவரும் அரியலூரும் பெரும்பாலும் மானாவாரியையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பியவை. பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் ஆகிய தாலுகாக்களின் கரிசல் நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் வடகிழக்குப் பருவமழையைக் கொண்டு விளைகின்றன. செட்டிகுளம் முதலிய இடங்களில் கிணற்று நீரால் சின்ன வெங்காயம் பயிராகிறது. அரியலூர் ஜில்லாவில் திருமானூர், தா.பழூர்ப் பக்கங்களில் கொள்ளிடத்தை ஒட்டிச் சம்பா நெல்லும், செந்துறை, ஆண்டிமடம், ஜயங்கொண்டம் ஆகிய பக்கங்களின் செம்மண் மேட்டுநிலங்களில் முந்திரியும் முக்கியமானவை.

இப்பயிர்களின் காலங்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். மானாவாரிப் பருத்தி ஆவணி, புரட்டாசியில் விதைக்கப்பட்டுத் தை முதல் பங்குனி வரை எடுக்கப்படுகிறது. மக்காச்சோளம் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்பட்டுத் தை, மாசியில் அறுவடையாகிறது. ஐப்பசியில் நடும் சின்ன வெங்காயம் சுமார் 70 நாளில் முதிர்கிறது. சம்பா நெல் தை, மாசியில் களத்திற்கு வருகிறது. முந்திரி பங்குனி முதல் வைகாசி வரை கொட்டை தருகிறது. ஆக, உழவு, விதை, உரம், களை, மருந்து ஆகிய செலவுகளெல்லாம் ஆவணி முதல் மார்கழி வரையுள்ள ஐந்து மாதங்களில் நெருங்கி வருகின்றன. அவற்றிற்கான வரவுகளோ தை பிறந்த பின்னரே தொடங்குகின்றன. இடையிலுள்ள ஐந்து மாதங்களைக் கடக்கும் வழியே குடியானவரின் ரொக்கக் கணக்கில் பிரதான விஷயமாகும்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஆலத்தூர்த் தாலுகாவில் ஐந்து ஏக்கர் சொந்த நிலமுள்ள ஒரு குடும்பத்தைக் கணக்கிற்காக எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஏக்கரில் மக்காச்சோளம், ஒரு ஏக்கரில் பருத்தி, கிணற்றடியில் ஒரு ஏக்கரில் சின்ன வெங்காயம். கீழே காணும் தொகைகள் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தம் நிலத்திற்கும் ஊர்க் கூலிக்கும் ஏற்ற தொகைகளை எழுதிக்கொள்ள வேண்டும். ஆவணி பிறக்கும்போது கையிருப்பு ரூ. 40,000. குடும்பச் செலவு சாதாரண மாதங்களில் ரூ. 8,000.

ஆவணி: உழவு, பருத்தி விதை 15,000, குடும்பம் 8,000, வரவு இல்லை. மாத முடிவில் கையிருப்பு 17,000.

புரட்டாசி: மக்காச்சோள விதை, அடியுரம், விதைப்புக் கூலி 30,000, குடும்பம் 8,000, வரவு இல்லை. மாத முடிவில் குறைவு 21,000.

ஐப்பசி: விதை வெங்காயம், நடவு, உரம் 45,000, பருத்திக் களை 5,000, தீபாவளி உட்படக் குடும்பம் 14,000, வரவு இல்லை. குறைவு 85,000.

கார்த்திகை: களை, மேலுரம், மருந்து 24,000, குடும்பம் 8,000, வரவு இல்லை. குறைவு 1,17,000.

மார்கழி: மருந்து, களை, மற்றக் கூலிகள் 14,000, குடும்பம் 8,000, வரவு இல்லை. குறைவு 1,39,000.

தை: மக்காச்சோளம், வெங்காயம் ஆகியவற்றின் அறுவடைச் செலவு 30,000, பொங்கல் உட்படக் குடும்பம் 12,000, மக்காச்சோளம் 60 குவிண்டால், குவிண்டால் 2,200 வீதம் வரவு 1,32,000. குறைவு 49,000.

மாசி: பருத்தி எடுப்புக் கூலி 8,000, குடும்பம் 8,000, பருத்தி வரவு 30,000. குறைவு 35,000.

பங்குனி: கூலி 4,000, குடும்பம் 8,000, மீதிப் பருத்தி 26,000, பட்டறையில் வைத்திருந்து விற்ற வெங்காயம் 4,400 கிலோ, கிலோ 25 வீதம் 1,10,000. கையிருப்பு 89,000.

சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதம்: கோடை உழவு 2,000, குடும்பம் 32,000, பிள்ளைகளின் பள்ளிச் செலவு 15,000, வரவு இல்லை. ஆடி முடிவில் கையிருப்பு 40,000.

வருஷம் முழுவதற்கும் வரவு ரூ. 2,98,000. சாகுபடிச் செலவு ரூ. 1,77,000. மிஞ்சிய ரூ. 1,21,000-இல் குடும்பம் நடந்திருக்கிறது. தொடக்கத்திலிருந்த ரூ. 40,000 முடிவிலும் இருக்கிறது. இக்குடும்பம் நஷ்டப்படவில்லை, வரவுக்கு மேல் செலவு செய்யவுமில்லை. ஆயினும் மார்கழி முடிவில் அதற்கு ரூ. 1,39,000 குறைகிறது. அன்றியும், அறுவடைக் கூலி தானியம் விற்பதற்கு முன்பே கொடுக்க வேண்டியதாகையால், தை மாதத் தொடக்கத்தில் அக்குறைவு ரூ. 1,69,000 வரை போகும். வருஷக் கணக்கை மாத்திரம் பார்ப்பவருக்கு இப்பள்ளம் கண்ணில் படாது. மாதவாரிக் கணக்கே அதைக் காட்டும்.

குறைவை நிரப்புவதற்கு ஆகும் விலை

இக்குறைவு முன்கூட்டித் தெரிந்திராவிட்டால் அவசரத்தில்தான் நிரப்பப்படும். அவசரக் கடனின் வட்டி மாதக் கணக்கில் பேசப்படுவதால் அதன் கனம் உடனே தெரிவதில்லை. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது வருஷத்திற்கு 36 ரூபாயாகும். மேற்கண்ட குடும்பம் புரட்டாசி முதல் மாசி வரை மாத முடிவில் நின்ற குறைவுகளுக்கெல்லாம் இவ்விதம் வட்டி கொடுத்தால் ரூ. 13,380 ஆகிறது.

வட்டியோடு இது நிற்பதில்லை. உரமும் மருந்தும் கடனுக்கு வாங்குபவர், அறுவடையைக் கடன் கொடுத்தவரிடமே போடுவதாக ஒப்புக்கொள்வது வழக்கம். அப்போது விலை பேசும் சுதந்திரம் போய்விடுகிறது. மக்காச்சோளத்திற்குக் குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைந்தாலும் 60 குவிண்டாலுக்கு ரூ. 12,000 நஷ்டம். வட்டியும் இதுவும் சேர்ந்து ரூ. 25,380, அதாவது சாகுபடியில் மிஞ்சிய தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. உரத்தை மாற்றியோ விதையை மாற்றியோ இவ்வளவு தொகையை மிச்சப்படுத்துவது எளிதன்று.

செந்துறை, ஆண்டிமடப் பக்கங்களில் முந்திரி மரங்களைப் பூப்பதற்கு முன்பே வியாபாரிக்குக் குத்தகை பேசி முன்பணம் பெறுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது விற்பனை போலத் தோன்றினும், ஐந்தாறு மாதத்திற்கு வாங்கிய கடனாகவே மதிக்கத்தக்கது. சாதாரண வருஷத்தில் தோப்பு தரக்கூடிய தொகைக்கும் பெற்ற முன்பணத்திற்கும் உள்ள வித்தியாசத்தில், எடுப்புக் கூலியும் காய்ப்புத் தவறும் அபாயத்திற்குரிய பங்கும் போக மீதியை வட்டியாக எழுதிப் பார்த்தால், குத்தகை அனுகூலமா அல்லவா என்பது தெரியும்.

கடனைப் பயிருக்குப் பொருத்துதல்

இத்தொல்லை புதிதன்று. சென்னை ராஜதானியில் நில வரியின் கிஸ்திகளும் சாகுபடிக் கடன்களும் அறுவடையை நெருக்கிய காலத்தில், குடியானவர்களுக்கு ஏற்ற கடன் முறையை ஆராய்ந்து பிரடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களை அவர் முன்மாதிரியாக எடுத்துக் காட்டினார். ஒரே கிராமத்தார் ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்று, விளைச்சல் வரும் காலத்தில் திருப்பிச் செலுத்தும் கடனே குடியானவருக்கு உகந்தது என்பது அம்முறையின் சாரம். 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதன் பயனாக வந்ததே. அவ்வருஷமே திரூரில் இம்மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. பழங் கடன்களைக் குறைக்க 1938-இல் விவசாயிகள் நிவாரணச் சட்டமும், மிதமிஞ்சிய வட்டியைத் தடுக்க 2003-இல் மற்றொரு சட்டமும் செய்யப்பட்டன. சட்டம் வந்த கடனைக் குறைக்கக்கூடும். கடன் வேண்டிய மாதத்தை முன்னறிந்து ஏற்பாடு செய்வது குடியானவரின் வேலை.

இப்பொழுது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் பாங்குகளும் பயிர்க்கடன் கொடுக்கின்றன. 1998-இல் ஏற்பட்ட உழவர் கடன் அட்டையின் மூலம், அனுமதிக்கப்பட்ட தொகைக்குள் வேண்டிய போது எடுத்தும் கட்டியும் வரலாம். எடுத்த தொகைக்கு மாத்திரமே வட்டி. ரூ. 3 லட்சம் வரையுள்ள குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வருஷம் நூற்றுக்கு 7 ரூபாய் வட்டியும், தவணை தவறாதவருக்கு அதில் 3 ரூபாய்ச் சலுகையும் என்பது மத்திய சர்க்கார் உதவியோடு நடந்துவரும் ஏற்பாடாகும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் தவணைக்குள் செலுத்துவோரிடம் பயிர்க்கடனுக்கு வட்டியே பெறப்படுவதில்லை.

மாதிரிக் குடும்பம் புரட்டாசியில் ரூ. 1,20,000 பயிர்க்கடன் பெற்றுப் பங்குனியில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொண்டால், ஆறு மாதத்திற்கு வருஷம் 7 ரூபாய் வீதம் வட்டி ரூ. 4,200, சலுகையோடு 4 ரூபாய் வீதமானால் ரூ. 2,400, சங்கத்தில் தவணை தவறாவிட்டால் ஒன்றுமில்லை. மாத முடிவுகளும் மாறுகின்றன: புரட்டாசியில் கையிருப்பு 99,000, ஐப்பசியில் 35,000, கார்த்திகையில் 3,000, மார்கழியில் குறைவு 19,000. முன்பு 1,39,000 ஆக இருந்த குறைவு இப்போது சமாளிக்கக் கூடியதாகிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கடனுக்கான மனுவைப் புரட்டாசியில் எழுதத் தொடங்கினால் பணம் கார்த்திகையில் வரக்கூடும். ஆகையால் சிட்டா, அடங்கல் முதலிய தஸ்தாவேஜுகளை ஆடி மாதத்திலேயே சேகரித்தல் அவசியம். இரண்டாவது, தவணைத் தேதி விற்பனைக்குப் பின் வருமாறு அமைய வேண்டும். வெங்காயத்தைப் பங்குனியில் விற்க எண்ணுபவர் மாசித் தவணையை ஒப்புக்கொண்டால், அத்தவணைக்காகவே குறைந்த விலைக்கு விற்க நேரிடும். மூன்றாவது, தவணைத் தேதியை ஒரு நாள் கடந்தாலும் வட்டிச் சலுகை போய்விடும். ஆகவே மக்காச்சோளத்தின் பணம் வந்தவுடன் கடனுக்குரிய பகுதியைத் தனியே ஒதுக்கி வைப்பது உத்தமம்.

வரவைப் பரப்புதல்

கடன் வாங்குவது ஒரு வழி. வரவு செலவுகளையே மாதங்களில் பரப்பி அமைப்பது மற்றொரு வழி. பின்னதே சிறந்தது.

கிணற்றில் கோடையிலும் நீர் நிற்குமாயின், ஒரு ஏக்கர் வெங்காயத்தையும் ஐப்பசியிலேயே நடாமல், அரை ஏக்கரை ஐப்பசியிலும் அரை ஏக்கரைச் சித்திரையிலும் நடலாம். சித்திரை, வைகாசிப் பட்டம் இப்பயிருக்கு உரியதே. இவ்விதம் செய்தால் ஐப்பசிச் செலவில் ரூ. 22,500 குறைந்து, கையில் பணமுள்ள சித்திரைக்கு மாறுகிறது. மார்கழியின் குறைவான 19,000 அடைபட்டுச் சிறிது மிஞ்சவும் செய்கிறது. பங்குனியில் வெங்காய வரவு பாதியாகக் குறையுமென்பது உண்மையே. ஆயினும் பயிர்க்கடனைக் கட்டப் போதிய பணம் அப்போதும் இருக்கும். சித்திரைப் பயிரின் வரவு ஆனி, ஆடியில் வந்து, அடுத்த ஆவணி உழவிற்கு உதவும். விலை வீழ்ச்சி நேர்ந்தாலும் முழு விளைச்சலும் ஒரே சந்தையில் அகப்பட்டுக்கொள்வதில்லை.

அறுவடை செய்த வெங்காயத்தை நன்றாக உலர்த்திக் காற்றோட்டமுள்ள பட்டறையில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். ஆனால் பட்டறை ரொக்கம் உள்ளவருக்கே பயன்படும். தையில் கடன்காரர் வாசலில் நிற்கும்போது பட்டறையில் பொருள் நிற்காது. மாதிரிக் குடும்பத்தில் தை, மாசி ஆகிய இரு மாதங்களின் குறைவுக்கு மாதம் மூன்று வீதமே வட்டி கொடுத்தாலும் ஆவது ரூ. 2,520 தான். தையில் 4,800 கிலோவைக் கிலோ 16 வீதம் விற்றிருந்தால் கிடைப்பது ரூ. 76,800, பங்குனியில் கிடைத்ததைவிட ரூ. 33,200 குறைவு. எனினும் பங்குனியில் விலை ஏறுமென்பதற்கு உத்தரவாதமில்லை. திண்டுக்கல், நாமக்கல், திருப்பூர்ப் பக்கங்களின் வெங்காயமும் வந்து சேரும்போது விலை இறங்கவும் கூடும். பட்டறையில் அழுகலும் எடைக்குறைவும் உண்டு. ஆகையால் கடனுக்கும் கூலிக்கும் வேண்டிய அளவை முதலில் விற்று, மீதியை மாத்திரம் நிறுத்தி வைப்பதே விவேகம்.

மக்காச்சோளம், பருத்தி, எள், நிலக்கடலை போன்ற நிலைத்த பொருள்களுக்கு மற்றுமோர் உதவி உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் பொருளை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறலாம். விலை ஏறும்போது விற்றுக் கடனைத் தீர்க்கலாம். கடன் விகிதம், வட்டி, கெடு ஆகியவற்றை அறுவடைக்கு முன்பே கூடத்தின் மேற்பார்வையாளரிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். தானியத்தை ஈரப்பதம் நீங்க உலர்த்திக் கொண்டுவராவிட்டால் இவ்வுதவி கிடைப்பது கடினம்.

கறவை மாடு இவ்விரு ஜில்லாக்களிலும் ரொக்கக் கணக்கிற்கு இன்றியமையாத துணையாகும். பால் கூட்டுறவுச் சங்கம் வருஷத்திற்கு ஒரு முறை பணம் கொடுப்பதன்று. சில நாட்களுக்கு ஒரு முறை கொடுப்பது. மாட்டுத் தீவனம் போக மாதம் ரூ. 4,000 மிஞ்சினாலும், ஆவணி முதல் மார்கழி வரை ரூ. 20,000 ஆகிறது. வருஷ லாபத்தில் இது சிறு பகுதியே. ஆனால் வேறு வரவில்லாத மாதங்களில் வருவதால் அதன் மதிப்புப் பெரிது. ஆவணிக்கு முன் கன்று ஈனும்படி சினைக்காலத்தைக் கவனித்துக்கொள்வது நன்று.

தேதி நிச்சயமில்லாத வரவுகள்

மாதவாரிக் கணக்கில் வரவை எழுதும்போது, அது கைக்கு வரும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மாதத்திலேயே எழுத வேண்டும். வரவேண்டிய தேதியை எழுதுவது கணக்கைக் கெடுக்கும்.

கரும்பு இதற்கு உதாரணம். 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, ஆலை கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியும் கொடுக்க வேண்டும். ஆயினும் நாட்டின் பல பாகங்களில் ஆலைகள் மாதக் கணக்கில் பாக்கி வைத்த வருஷங்கள் உண்டு. கரும்பு பயிரிடுவோர், சென்ற மூன்று வருஷங்களில் பணம் உண்மையில் எப்போது வந்தது என்பதைப் பார்த்து அம்மாதத்தை எழுதுவதே பத்திரம். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடுபவர் களத்தில் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயிர்க் காப்பீடும் இவ்வாறே. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், குடியானவர் செலுத்தும் பங்கு காரீப் பருவத்து உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் காப்புத் தொகையில் 2 சதவீதமும், ராபிக்கு 1.5 சதவீதமும், பணப் பயிர், தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதமும் மேற்படாது. 2018-இல் படைப்புழு இவ்விரு ஜில்லாக்களின் மக்காச்சோளத்தை அழித்தபோது, ஒரே பயிரை நம்பியிருந்தவர்களின் நிலை எல்லோரும் அறிந்தது. அத்தகைய வருஷத்திற்குக் காப்பீடு அவசியமே. ஆனால் நஷ்டஈடு வட்டார அளவில் அளந்த சராசரி மகசூலைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டு, அறுவடைக்குப் பல மாதம் கழித்து வருவது. காப்பீட்டுக் கட்டணத்தை அதன் மாதத்தில் செலவாக எழுத வேண்டும். நஷ்டஈட்டை வரவாக எழுதலாகாது. வந்தால் அது அடுத்த சாகுபடிக்கு ஒதுக்கத்தக்கது. நிலமுள்ள குடும்பங்களுக்கு 2019 முதல் மத்திய சர்க்கார் நான்கு மாதத்திற்கு ஒரு முறை அளிக்கும் ரூ. 2,000 தொகை சிறிதாயினும், பாங்குக் கணக்கில் நேரே சேர்வதால் மருந்துச் செலவுக்கோ காப்பீட்டுக் கட்டணத்திற்கோ குறித்து வைக்கலாம்.

குடும்பப் பணமும் சாகுபடிப் பணமும்

பங்குனியில் கையில் ரூ. 89,000 இருக்கிறது. அதைக் கண்டு வீட்டில் பல தேவைகள் எழும். கல்யாணம், காதுகுத்து, வண்டி, வீட்டுக் கூரை ஆகிய யாவும் சித்திரை, வைகாசியிலேயே வந்து சேர்கின்றன. ஆனால் அந்த 89,000-இல் ரூ. 40,000 அடுத்த ஆவணி, புரட்டாசிச் செலவிற்குரியது, ரூ. 49,000 நான்கு மாதக் குடும்பத்திற்கும் பள்ளிக்கும் கோடை உழவிற்கும் உரியது. மிச்சம் என்று சொல்லத்தக்கது ஒரு ரூபாயுமில்லை. பணம் நிறைந்திருப்பதாகத் தோன்றும் மாதமே ஜாக்கிரதை வேண்டிய மாதமாகும்.

இதற்கு எளிய உபாயம், சாகுபடிக்கென்று பாங்கிலோ சங்கத்திலோ தனிச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டு, பங்குனியில் விற்ற பணம் வந்த அன்றே அடுத்த உழவிற்குரிய தொகையை அதில் போட்டுவிடுவது. விசேஷச் செலவு தவிர்க்க முடியாததாயின், அதையும் கணக்கில் அதற்குரிய மாதத்தில் எழுதி, மார்கழியில் எவ்வளவு பள்ளம் கூடுகிறது என்று பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும். சித்திரையில் கூடுதலாகச் செலவான ரூ. 40,000 மார்கழியில் அதே அளவு கூடுதல் கடனாக வந்து நிற்கும்.

கணக்கு எழுதும் முறை

பெரிய புஸ்தகங்கள் வேண்டியதில்லை. செட்டிமார் கடைகளில் வழங்கிய சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் வியாபாரத்திற்கு ஏற்றவை. குடியானவருக்கு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் இரண்டு பாகம் போதும். முதற் பாகத்தில் ஆடி மாதத்தில், வரும் பன்னிரண்டு மாதங்களுக்கும் எதிர்பார்க்கும் வரவு, சாகுபடிச் செலவு, குடும்பச் செலவு, கடன் தவணை, மாத முடிவுக் கையிருப்பு என்று ஐந்து பத்திகள் எழுத வேண்டும். இரண்டாம் பாகத்தில் அன்றாடம் நடந்த வரவு செலவை எழுதி, மாத முடிவில் முதற் பாகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வீட்டுப் பெண்மணிகள் பால் கணக்கும் கடைக் கணக்கும் அறிந்தவர்களாகையால், அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதினால் குடும்பச் செலவு சரியாக வரும்.

வரவைச் சற்றுக் குறைத்தும் செலவைச் சற்றுக் கூட்டியும் எழுதுதல் நலம். எழுதிய பின்பு, மக்காச்சோளம் பாதியே விளைந்தால் என்ன ஆகும், விற்பனை ஒரு மாதம் தாமதித்தால் என்ன ஆகும் என்று இரு முறை மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். மாதிரிக் குடும்பத்தில் மக்காச்சோளம் பாதியானால் ரூ. 66,000 குறையும். அப்போது பங்குனியில் மிஞ்சுவது ரூ. 23,000, ஆடி முடிவில் ரூ. 26,000 குறைவு. இது தெரிந்தவர் தையிலேயே செலவைச் சுருக்கவும், கறவை மாட்டை விற்காமல் காப்பாற்றவும், சங்கத்திடம் தவணை பற்றி முன்கூட்டிப் பேசவும் கூடும். தெரியாதவர் ஆனியில்தான் விழித்துக்கொள்வார்.

சிறு தொழில் செய்வோர்

நிலத்தோடு சிறு தொழிலும் நடத்துவோருக்கும் இம்முறை பொருந்தும். ஆண்டிமடப் பக்கத்தில் முந்திரிக் கொட்டையை வாங்கி உடைத்துப் பருப்பாக விற்பவர், பங்குனி முதல் வைகாசிக்குள் வருஷத்திற்குரிய கொட்டையை வாங்குகிறார். பருப்பு விற்பதோ வருஷம் முழுவதும். அவர் பணம் கிடங்கில் மூட்டைகளாக நிற்கிறது. உரக்கடைக்காரருக்கு அது ஊரிலுள்ள கடன் பாக்கியாக நிற்கிறது. இருவரும் விற்பனை பெருகியதைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், சரக்கிலும் பாக்கியிலும் எவ்வளவு பணம் எத்தனை மாதம் முடங்குகிறது என்று கணக்கிட வேண்டும். குறைந்த லாபத்திற்கு ரொக்கத்தில் விற்பது, அதிக லாபத்திற்கு ஆறு மாதக் கடனில் விற்பதைவிடப் பல சமயங்களில் மேலானது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

குடியானவர் எவ்வளவு திறமையாகக் கணக்கு எழுதினும், காகிதம் காலத்தில் கிடைக்காவிட்டால் பயனில்லை. அடங்கலில் பயிர் விவரம் விதைத்தவுடன் பதிவாக வேண்டும். கடனுக்கும் காப்பீட்டிற்கும் கேட்கப்படும் அடங்கல் நகலும் விதைப்புச் சான்றும் ஒரு வாரம் தாமதித்தால், கடைசித் தேதி கடந்து காப்பீடே கிடையாமற் போகலாம். கடன் ஒரு மாதம் தள்ளிப்போய், அம்மாதத்திற்குக் குடியானவர் வெளியில் கடன் வாங்க நேரலாம். கிராம நிர்வாக அலுவலர்களும் சங்கச் செயலாளர்களும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் இவ்வேலையை முன்னிட்டுச் செய்வது, ஒரு கிராமத்திற்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரமாகும். சங்க உறுப்பினர்களின் தவணைத் தேதிகளைத் தை மாதத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் நன்று.

ஆடி மாதத்தில் வயல் வேலை குறைவு. மேற்சொன்ன கணக்கை எழுத ஒரு மாலைப் பொழுது போதும். விதையையும் உரத்தையும் முன்கூட்டிச் சேகரிக்கும் கவனத்தோடு ரொக்கத்தையும் சேகரிப்பவர், அறுவடையைத் தம் விலைக்கும் தம் காலத்திற்கும் விற்கக்கூடியவராவர். அவர் நிலம் அவரிடமே நிற்கும்.